‘பாரம்பரிய ஹோட்டல்’ என்றால் அதில் எது பழையது என்று எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், பயணப் பக்கங்களில் ஊட்டி தலைகாட்டிவிடும். கோயம்புத்தூருக்குச் சிங்கப்பூரிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது. அங்கிருந்து ஊட்டி 86 கிலோமீட்டர்தான். ஆர்வம் வருவது நியாயமே. ஆனால் தங்குமிடங்களைப் பற்றி எழுதும்போது ‘பாரம்பரிய ஹோட்டல்’ என்ற ஒரே சொல்லை வைத்தே ஒப்பேற்றிவிடுகிறார்கள். கட்டடம் எந்தக் காலத்தது, எதற்காகக் கட்டினார்கள், இன்று அதில் எந்தப் பகுதி பழையது, எந்தப் பகுதி போன வருடம் ஒட்டவைத்தது என்ற விவரம் வருவதே இல்லை. இரவில் நிம்மதியாகத் தூங்க முடியுமா, காலையில் நான்கு பேர் குளிக்க வெந்நீர் வருமா என்பதெல்லாம் அந்த விவரத்தில்தான் அடங்கியிருக்கிறது. அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊட்டிக்கும் நவீன சிங்கப்பூருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. ராஃபிள்ஸ் இங்கே கரையிறங்கிய அதே 1819 ஜனவரியில்தான் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் ஆட்களோடு நீலகிரி ஏறினார். தோடர்களும் கோத்தர்களும் படகர்களும் அதற்கு வெகுகாலம் முன்பே அங்கே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். எனவே அவர் ஊட்டியைக் ‘கண்டுபிடித்தார்’ என்று எழுதுவதை இனியாவது விட்டுவிடலாம். முதலில் கோத்தகிரி பக்கம் கன்னேரிமுக்கில் ஒரு வீடு கட்டினார். அது இன்று சிறு அருங்காட்சியகம். பிறகு 1822, 1823 வாக்கில் ஊட்டியில் கட்டிய ‘கல் பங்களா’ இப்போது அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது.

ஹோட்டல் கதை இதற்குப் பின்னால்தான் தொடங்குகிறது. கதை தலைகீழானது என்பதுதான் வேடிக்கை. ஹோட்டலாகவே எழும்பிய கட்டடம் இன்று ஹோட்டல் இல்லை. இன்று ஹோட்டலாக இருப்பவையோ வேறு எதற்கோ கட்டியவை. ஹைதராபாத் வணிகத்தில் பெயர் அடிபட்ட சர் வில்லியம் ரம்போல்ட் 1830களின் தொடக்கத்தில் பெரிய தூண்களோடு ஒரு ஹோட்டலைக் கட்டினார். 1834இல் கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் அங்கே தங்கினார். அடுத்த பத்தாண்டுக்குள் அது ஊட்டி கிளப் ஆகிவிட்டது. 1882இல் ஸ்னூக்கர் விதிகளை எழுதி மாட்டிய இடம் அதுதான். உறுப்பினரோ, ஒப்பந்தமுள்ள வேறு கிளப்பின் உறுப்பினரோ அல்லாதவர்கள் அங்கே அறை கேட்டுப் பயனில்லை. (கிளப்புகளில் வேட்டிக்குத் தடை போடக் கூடாது என்று தமிழ்நாடு அரசு 2014இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. ஆகவே வேட்டி கட்டியவரை வாசலில் நிறுத்த இப்போது வழியில்லை.)

சாவோய் ஹோட்டல் 1829இல் பள்ளிக்கூடமாகத் தொடங்கிய இடம். இங்குள்ள ராஃபிள்ஸ் ஹோட்டல் ஒரு கடற்கரைப் பங்களாவில் கதவு திறந்த 1887ஐவிட அது கிட்டத்தட்ட அறுபது ஆண்டு மூத்தது. ஃபெர்ன்ஹில்ஸ் அரண்மனை 1844இல் எழுந்த பங்களாவிலிருந்து வளர்ந்தது. 1873இல் மைசூர் மகாராஜா குடும்பம் அதை வாங்கியது. தேக்குத் தளம் போட்ட நடன அரங்கும், காகிதக் கூழால் வார்த்து வண்ணம் தீட்டிய விதானமும் அங்கே பார்க்க வேண்டியவை. இவை தவிர, துரைமார்களும் சமஸ்தானத்துக்காரர்களும் கட்டி, பிற்பாடு கைமாறி, ‘ஹெரிடேஜ்’ பலகை மாட்டிக்கொண்ட குடும்பப் பங்களாக்கள் ஊட்டியிலும் குன்னூரிலும் ஏராளம்.

பள்ளிக்கூடத்தையும் குடும்ப வீட்டையும் ஹோட்டலாக்கினால் முதலில் இடறுவது குளியலறை. அந்தக் காலத்துப் பங்களாவில் குழாய்த் தண்ணீர் கிடையாது. பின்கட்டில் விறகடுப்பில் தண்ணீர் காய்ச்சி, வேலையாள் வெளிக்கதவு வழியாகத் தூக்கிவந்து தொட்டியில் ஊற்றுவார். அதனால் குளியலறை எப்போதும் வீட்டின் வெளிச்சுவரை ஒட்டி, குளிரான மூலையில் இருக்கும். இன்றும் சில பழைய அறைகளில் குளியலறைக்குள் வெளியே திறக்கும் ஒரு கதவு அடைத்துக் கிடப்பதைப் பார்க்கலாம். நூறு ஆண்டு கழித்து அங்கே குழாய் இழுத்தபோது வெந்நீர்க் கலன் ஓரிடத்திலும் குழாய் முனை இன்னோரிடத்திலுமாக அமைந்துவிட்டது. பதினைந்து மீட்டர் நீளமுள்ள அரை அங்குலக் குழாயில் இரண்டரை லிட்டருக்கும் மேல் தண்ணீர் நிற்கும். அந்தக் குளிர்ந்த தண்ணீர் முழுவதும் வெளியேறிய பிறகுதான் சூடு வரும். வெந்நீர் வரவில்லை என்று வரவேற்பறைக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்குமுன் ஒரு வாளியை வைத்துக் குழாயை இரண்டு நிமிடம் திறந்துவிடுங்கள்.

அந்தக் கலனின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மலையில் அதிகம் காணப்படுவது 15 லிட்டர் கீசர், 2 கிலோவாட் சூடேற்றி. குழாயில் வரும் தண்ணீர் 12 டிகிரி என்றால் அதை 55 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 22 நிமிடம் பிடிக்கும். 55 டிகிரி நீரைக் குளிர்ந்த தண்ணீரோடு கலந்து குளிக்கிற பதத்துக்கு, அதாவது 40 டிகிரிக்குக் கொண்டுவந்தால் மொத்தம் 23 லிட்டர் தேறும். ஒரு வாளியும் சில சொம்பும். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஷவரைத் திறந்துவைத்துப் பாட்டுப் பாடிப் பழகியவருக்கு அது மூன்று நிமிடக் குளியல். நால்வர் குடும்பம் காலை எட்டு மணிக்குச் சுற்றிப் பார்க்கக் கிளம்ப வேண்டுமென்றால் ஆறு மணிக்கே முதல் ஆள் இறங்கிவிட வேண்டும். வாளியில் மொண்டு குளித்தால் தண்ணீர் நீடிக்கும். பெரிய ஹோட்டல்களில் பாய்லரிலிருந்து எல்லா அறைக்கும் வெந்நீர் போகும். அங்கே கேட்க வேண்டியது நேரம்: காலை 6 முதல் 9 வரை மட்டுமா, நாள் முழுக்கவா? ‘சூரிய சக்தி வெந்நீர்’ என்று எழுதியிருந்தால் மாற்று ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள். நவம்பர் மேகமூட்டத்தில் மூன்று நாள் சூரியன் தலைகாட்டாமல் போவது அங்கே சாதாரணம்.

சில விடுதிகளில் குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர் மாட்டியிருப்பார்கள். சன்னலோ காற்றுப் போக்கியோ இல்லாத குளியலறையில் அது இருந்தால் அறையை மாற்றித் தரச் சொல்லுங்கள். மாற்ற மறுத்தால் ஹோட்டலையே மாற்றுங்கள். எரியும் வாயு ஆக்சிசனைக் குடித்துக் கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு நிறமில்லை, வாடையில்லை. தலை கிறுகிறுக்கும்போது வெளியே வரக் காலில் வலு இருக்காது.

இனி சுவர். பழைய பங்களாச் சுவர் ஒன்றரை அடி, இரண்டடிக் கனம். கல்லோ செங்கல்லோ வைத்துச் சுண்ணாம்புக் காரையால் கட்டியது. தரை பெரும்பாலும் மரப்பலகை. அதற்கும் மண்ணுக்கும் நடுவே காற்றோட இடைவெளி விட்டிருப்பார்கள். வெளிச்சுவரின் அடியில் தெரியும் சிறு இரும்புக் கம்பிச் சட்டங்கள் அதற்காகத்தான். தெற்கிலோ கிழக்கிலோ கண்ணாடி போட்ட வராந்தா இருக்கும். பகல் வெயிலை அது வாங்கி வைக்கும், கனத்த சுவர் அதை மெல்ல மெல்ல இரவில் விடும். சுண்ணாம்பு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். மலை மழைக்கு இதைவிடப் பொருத்தமான சுவர் கிடையாது.

புதுப்பிக்கிறேன் என்று சொல்லி அதன் மேல் சிமெண்டுப் பூச்சும் பிளாஸ்டிக் பெயிண்டும் அடிக்கும்போதுதான் கெடுகிறது. சுவருக்குள் போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் சிமெண்டுக்குப் பின்னால் தங்கிவிடுகிறது. சன்னலுக்குக் கீழே கையகலத்துக்குப் பெயிண்ட் உப்பி நிற்கும். தடவினால் மாவு மாதிரி உதிரும், அதில் உப்புப் பூத்திருக்கும். அலமாரியைத் திறந்தால் பூஞ்சண வாடை வரும். தரை இடைவெளிக்கான அந்தக் கம்பிச் சட்டங்களைச் செடித் தொட்டி வைத்து மறைத்திருந்தால் பலகைத் தரை அடியிலிருந்து இற்றுப்போகும், நடக்கும்போது ஒரு மூலை அமுங்கும். ஆக அறையைக் காட்டும்போது கட்டில் விரிப்பைப் பார்க்காதீர்கள். சன்னல் அடிச்சுவர், அலமாரியின் பின்பலகை, தரையின் மூலை மூன்றையும் பாருங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இது முதல் சோதனை. வாடை அடித்தால் ரூம் ஸ்பிரே அடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம், வேறு அறை கேளுங்கள்.

புதிய ஹோட்டல்களின் சங்கதி வேறு. ஆறு அல்லது எட்டு அங்குலச் சிமெண்டுக் கல், பளபளக்கும் டைல்ஸ், சுவர் முழுக்கக் கண்ணாடி. படத்தில் நன்றாக இருக்கும். இரவு எட்டு மணிக்கு மேல் அந்தக் கண்ணாடி வழியே சூடு போய்க்கொண்டே இருக்கும், டைல்ஸில் வெறுங்காலை வைக்க முடியாது. நான்கு பேர் தூங்கினால் மூச்சிலும் வியர்வையிலுமாக ஒரு லிட்டருக்கு மேல் ஈரம் அறைக் காற்றில் சேரும். விடியற்காலையில் அது கண்ணாடியில் வழிந்து சன்னல் கட்டையில் தேங்கி நிற்கும். அது ஒழுகல் என்று பலர் நினைத்துப் புகார் சொல்கிறார்கள். படுக்குமுன் மேல் சன்னலை ஒரு விரல் அகலம் திறந்துவைத்தால் பாதிக்கும் மேல் குறையும். கனத்த திரையை முழுக்க இழுத்துவிடுவது, காலுறையோடு தூங்குவது, சுடுநீர்ப் பை கேட்டு வாங்குவது எல்லாம் உதவும். மலேசியாவின் கேமரன் மலைக்குப் போய்ப் பழகியவர்கள் ஒரு சுவெட்டர் போதும் என்று நினைக்கிறார்கள். அங்குள்ள தானா ராத்தா ஊர் ஏறத்தாழ 1,440 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். டிசம்பர், ஜனவரி விடியலில் புல்வெளியில் உறைபனி படிவது ஊட்டியில் ஆண்டுதோறும் நடப்பது.

உறைபனிக்கும் ஹோட்டல் இருக்கும் இடத்துக்கும் தொடர்பு உண்டு. இரவில் குளிர்ந்த காற்று கனத்து, தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து பள்ளத்தில் சேரும். ஏரிக்கரை, குதிரைப் பந்தயத் திடல், காந்தல், தலைக்குந்தா எல்லாம் அப்படிப்பட்ட பள்ளங்கள். பேருந்து நிலையத்துக்குப் பக்கம், ஏரிக்குப் பக்கம் என்று விளம்பரம் செய்யும் அறைகள்தான் விடியலில் அதிகம் உறைகின்றன. எல்க் ஹில், ஃபெர்ன்ஹில் போன்ற சரிவுகளில் அதே இரவு ஓரிரண்டு டிகிரி தேவலாம். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் தெற்குப் பார்த்த அறை கிடைத்தால் விடாதீர்கள். வடக்குப் பார்த்த அறைக்கு ‘பள்ளத்தாக்குக் காட்சி’ என்று கூடுதல் பணம் கேட்பார்கள், அந்தக் காட்சியைப் போர்வைக்குள்ளிருந்துதான் பார்க்க வேண்டியிருக்கும். வயதானவர்களும் கைக்குழந்தையும் கூட வந்தால் ஏறக்குறைய 1,850 மீட்டரில் இருக்கும் குன்னூரில் தங்கி ஊட்டியைப் பகலில் பார்த்துவிட்டுத் திரும்புவது நல்லது. மேல் குன்னூரில் பழைய பங்களா ஹோட்டல்கள் இருக்கின்றன. இரண்டு ஊருக்கும் நடுவே டீசல் எஞ்சின் பூட்டிய ரயில் நாளுக்குப் பல முறை ஓடுகிறது.

கணப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஃபயர்பிளேஸ் படத்தைப் பார்த்துத்தான் பாதிப் பேர் முன்பதிவு செய்கிறார்கள். முன்பதிவின்போது கேட்க வேண்டிய கேள்வி ‘கணப்பு இருக்கிறதா’ என்பதல்ல, ‘எரிகிறதா’ என்பது. நிறைய இடங்களில் புகைபோக்கியை மேலே அடைத்துவிட்டு, கணப்புக் குழிக்குள் மின் சூடேற்றியை வைத்திருக்கிறார்கள். எரியும் கணப்பு என்றால் விறகுக்குத் தனிக் கட்டணம், கட்டுக் கணக்கு. ஒரு கட்டு எத்தனை மணி நேரம் வரும், பணியாளர் வந்து பற்றவைப்பாரா, எத்தனை மணி வரை வருவார் என்பதையும் சேர்த்தே கேளுங்கள். விறகு பெரும்பாலும் சீகை (வாட்டில் மரம்) அல்லது யூகலிப்டஸ். சீகை நின்று எரியும். யூகலிப்டஸ் எண்ணெய்ப் பசையால் வெடித்துப் பொறி தெறிக்கும், அதனால் முன்னால் கம்பித் தடுப்பு இல்லாமல் எரிக்கக் கூடாது, தரை விரிப்பையும் தள்ளிவைக்க வேண்டும். காய்ந்த கட்டை கையில் எடுத்தால் இலேசாக இருக்கும், முனைகளில் வெடிப்பு ஓடியிருக்கும், இரண்டை மோதினால் ‘டக்’கென்று ஓசை வரும். ஈரக் கட்டை ‘தொப்’பென்று விழும். அதைக் கொளுத்தினால் அறை முழுக்கப் புகைதான்.

நல்ல விறகாக இருந்தும் புகை உள்ளே திரும்பினால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. புகைபோக்கிக்குள் குளிர்ந்த காற்று கட்டையாக நின்று கீழே அழுத்திக்கொண்டிருக்கலாம். ஒரு முழுச் செய்தித்தாளைச் சுருட்டிப் பற்றவைத்து, விறகைத் தொடாமல் புகைபோக்கியின் வாய்க்கு நேரே ஒரு நிமிடம் பிடித்தால் அந்தக் காற்று சூடேறி மேலே போகும். பிறகு விறகைப் பற்றவைக்கலாம். (இந்த வேலைக்கு உங்கள் பத்திரிகையின் பழைய பிரதி உதவும் என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.) அடுத்த காரணம், புகைபோக்கிக்குள் இருக்கும் இரும்புத் தகடு மூடியிருப்பது. பணியாளரிடம் திறந்து காட்டச் சொல்லலாம். மூன்றாவது, கதவு சன்னல் எல்லாவற்றையும் இறுக்கி மூடிக் கீழே துண்டையும் திணித்துவைப்பது. நெருப்பு மேலே போக வேண்டுமென்றால் அறைக்குள் காற்று வர வேண்டும். கரியும் பறவைக் கூடும் அடைத்திருந்தால் அதற்கு விருந்தினர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, நெருப்பை அணைத்துவிட்டு வேறு சூடேற்றி கேட்க வேண்டியதுதான்.

கணப்பு இல்லாத அறையில் இரும்புச் சட்டியில் கரி போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒருபோதும் வாங்காதீர்கள். பார்பெக்யூ அடுப்பைக் குளிருக்காக உள்ளே எடுத்துவந்து கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்தி மலைநகரங்களிலிருந்து வந்திருக்கிறது. தணலாக இருக்கும் கரிதான் புகையும் விறகைவிட ஆபத்து. புகை கண்ணைக் கரித்து எழுப்பிவிடும், கரி எழுப்பாது.

மின் சூடேற்றியில் எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் வகை நல்லது. காற்றடிக்கும் வகை அணைத்த ஐந்தாவது நிமிடம் அறையைக் குளிரவிட்டுவிடும், மூக்கையும் வறட்டும். 2,000 வாட் சூடேற்றி 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். ஆகவே சிறிய 6 ஆம்பியர் பொருத்தியில் அடாப்டர் போட்டுச் செருகக் கூடாது, பெரிய 16 ஆம்பியர் பொருத்தியில்தான் செருக வேண்டும். பழைய பங்களாவில் ஓர் அறைக்கு அப்படி ஒன்றுதான் இருக்கும், அதுவும் கீசருக்குப் போயிருக்கும். சூடேற்றியும் கீசரும் கேத்தலும் ஒன்றாக ஓடினால் ஃபியூஸ் போகும், மின்சாரப் பணியாளரைத் தேடி அரை மணி நேரம் போகும். நம் சதுரக் கம்பிச் செருகி அங்கே பொருந்தாது என்பதையும் கைப்பேசிக்காக நினைவில் வையுங்கள்.

பழையதுதான் உசத்தி என்று நான் சொல்ல வரவில்லை. மின்கம்பி, தீயணைப்பு ஏற்பாடு, ஜெனரேட்டர், வண்டி நிறுத்துமிடம் ஆகியவற்றில் புதிய ஹோட்டல்கள் பெரும்பாலும் மேல். தனிப்பட்ட ஆடம்பரம் எதுவும் வேண்டாம், ஊர் நடுவில் இருந்தால் போதும் என்பவர்களுக்குத் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடு இருக்கிறது. ஆனால் புதிய கட்டடங்களில் ஒரு பொறி உண்டு. மலையில் கட்டட உயரத்துக்கு வரம்பு இருப்பதால், மேலே போக முடியாதவர்கள் சரிவில் கீழே இறங்கிக் கட்டியிருக்கிறார்கள். சாலை மட்டத்தில் வரவேற்பறை, அதற்குக் கீழே இரண்டு மூன்று தளம். மின்தூக்கி இருக்காது. ‘கிரவுண்ட் ஃப்ளோர்’ என்று கேட்டு முன்பதிவு செய்த பாட்டி அறுபது படி இறங்க வேண்டிவரும், ஏறும்போது மூச்சு வாங்கும். ‘வரவேற்பறையிலிருந்து அறைக்கு எத்தனை படி, மேலா கீழா’ என்று எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். பழைய பங்களாக்கள் ஒற்றைத் தளம் என்பது இங்கே பெரிய வசதி. ஆனால் சில இடங்களில் சாப்பாட்டு அறை தனிக் கட்டடத்தில் இருக்கும், மழையில் குடை பிடித்துப் போக வேண்டும்.

‘ஊட்டிக்குப் பக்கத்தில் காட்டு ரிசார்ட்’ என்று விளம்பரம் வந்தால் மசினகுடி பக்கமா என்று பாருங்கள். அது மலைக்குக் கீழே, வேறு தட்பவெப்பம். 36 கொண்டை ஊசி வளைவுள்ள கல்லட்டிச் சாலை நடுவில் கிடக்கிறது. யானை வழித்தடத்தில் கட்டியவை என்று அங்குள்ள பல ரிசார்ட்டுகளை மூட 2018இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது, 2020இல் வழித்தட அறிவிப்பையும் உறுதிசெய்தது. முன்பணம் கட்டுமுன் உரிமம் உயிரோடு இருக்கிறதா என்று கேட்பது தப்பில்லை.

காகிதச் சமாசாரத்தில் நம்மவர்கள் தடுக்கி விழுவது ஓரிடத்தில்தான். தமிழில் பேசி, ஊர்க்காரர் போலவே போய் நிற்போம். கடப்பிதழை நீட்டியதும் ‘ஃபாரினர்ஸ் எடுக்கிறதில்லைங்க’ என்பார்கள். சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்பவர் தங்கினால் அந்த விவரத்தை 24 மணி நேரத்துக்குள் இணையம் வழியாகக் குடிநுழைவு அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டியது ஹோட்டலின் பொறுப்பு. ‘சி ஃபார்ம்’ என்றுதான் இன்னும் எல்லாரும் சொல்கிறார்கள். அதற்குப் பதிவு செய்யாத சிறு காட்டேஜும் ஹோம்ஸ்டேயும் நிறைய. முன்பதிவுச் செயலி பணத்தை வாங்கிக்கொள்ளும், இந்தக் கேள்வியைக் கேட்காது. ஆகவே பணம் கட்டுமுன் நேரே போன் போட்டு ‘சிங்கப்பூர் பாஸ்போர்ட், சி ஃபார்ம் போடுவீர்களா’ என்று கேட்டுவிடுங்கள். கடப்பிதழ், விசா நகலைக் கொடுங்கள். அசலை வரவேற்பறையில் விட்டுவைக்காதீர்கள்.

வாடகையில் கவனிக்க வேண்டியது வரி. ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடு, அதைத் தாண்டினால் 18. 7,400 ரூபாய் அறை வரியோடு 7,770 ஆகும். 7,600 ரூபாய் அறை 8,968 ஆகிவிடும். இருநூறு ரூபாய் வித்தியாசம் ஏறத்தாழ ஆயிரத்து இருநூறாக நீள்கிறது. எல்லைக்குப் பக்கத்தில் விலை இருந்தால் காலை உணவை நீக்கிவிட்டு அறைக்கு மட்டும் விலை கேட்டுப் பாருங்கள். டிசம்பர் 24, 31 இரவுகளில் பல ஹோட்டல்கள் விருந்துக் கட்டணத்தைத் தலைக்கு இவ்வளவு என்று கட்டாயமாக்கும். அது அறை விலையில் தெரியாது, சின்ன எழுத்தில் இருக்கும்.

வாடகைக் காரில் ஏறுவதாக இருந்தால் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். 2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சென்னை உயர் நீதிமன்றம் விதித்த ஏற்பாடு இது. வெளிநாட்டிலிருந்து வருவோர் மின்னஞ்சல் முகவரியை வைத்துப் பதிவு செய்யலாம், அரசுப் பேருந்திலும் ரயிலிலும் போவோருக்குத் தேவையில்லை. ஓட்டுநர் எடுத்துவிட்டாரா என்று முதல் நாளே கேளுங்கள். சோதனைச் சாவடியில் சிறிய பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டியையும் வாங்கிவைத்துவிடுவார்கள், எவர்சில்வர் புட்டி கொண்டுபோங்கள்.

விமானம் இரவில் இறங்கினால் அன்றே மலை ஏறாமல் கோயம்புத்தூரிலோ மேட்டுப்பாளையத்திலோ தங்குவது உத்தமம். மேட்டுப்பாளையத்தில் தங்கினால் காலை 7.10க்கு நீராவி ரயிலைப் பிடிக்கலாம். 1899இல் குன்னூரையும் 1908இல் ஊட்டியையும் எட்டிய இந்த 46 கிலோமீட்டர்ப் பாதையில் ஏற ஐந்து மணி நேரம் பிடிக்கும். நண்பகலில் ஊட்டி போய்ச் சேரும்போது அறையும் தயாராக இருக்கும். ஆனால் உங்கள் விடுமுறை வடகிழக்குப் பருவமழையோடு மோதுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே மண் சரிந்து ரயிலை நிறுத்திவைப்பது அடிக்கடி நடக்கும். சாலை அடைத்தால் கோத்தகிரி வழி மாற்று. அதனால் முதல் இரவு அறைக்கு, ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையில் முன்பதிவு செய்யுங்கள்.

பயணப் பக்கத்துக்குப் பொறுப்பானவரிடம் என் வேண்டுகோள் சிறியது. அடுத்த முறை ஒரு மலை ஹோட்டலைப் பற்றி எழுதும்போது படத்துக்குக் கீழே நான்கு வரி சேருங்கள்: கட்டிய ஆண்டும் அப்போதைய பயனும், விருந்தினர் அறைகளில் எத்தனை பழைய கட்டடத்தில் இருக்கின்றன, கணப்பு எரிகிறதா, வெளிநாட்டுக் கடப்பிதழை ஏற்கிறார்களா. ஹோட்டலுக்கு ஒரு போன் போட்டால் நான்கும் கிடைத்துவிடும். இம்மாத இறுதிக்குள் வந்தால் டிசம்பரில் புறப்படுகிறவர்களுக்குப் பயன்படும்.

இப்படிக்கு,
வாசகர்,
அங் மோ கியோ